தராசில் ஏறிய வடை

அன்று தேவிகாபுரம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஆரணிப் பட்டுக்கடை ஊழியர்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இன்னாணா, நம்ம குமாஸ்தா எழுதின காமெடி சீரியல்ல, பட்டு நிறுக்கற தராசுல டீயோட வர்ற வடைய நிறுக்கற மேனேஜர், அப்படியே நம்ம மேனேஜராட்டமே வர்றாரே! குமாஸ்தா வேலை போயிடாதா?”

“அந்த பயத்துலதான் இருந்தான். சனங்க கேட்டு கேட்டு, டிவில மூணாவது தடவையா போடறாங்க.”

“நம்ம மேனேஜர் பாக்கறதில்லியா?”

“ஒரு வாரம்கூட உடமாட்டார். நேத்து நீ லீவு. குமாஸ்தாவக் கூப்ட்டு, ‘யார்யா அந்தக் கஞ்சன்? இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?’ன்னு உழுந்து உழுந்து சிரிச்சார்.”

“அப்ப தப்பிச்சான்.”

“சிரிச்சிகினேதான் நம்ம வடையத் தராசுல வெச்சார்.”

“எவ்ளோ இருந்துச்சாம்?”

“அஞ்சு கிராம் கம்மியாம். டீக்கடைக்கே திருப்பி அனுப்பிட்டார்.”