பெரிய வட்டம் அப்பா

புகையான் விழுந்தால் நெல் வட்டமாகத்தான் காயும், சார். எள்ளளவு பூச்சி. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் ஒரேபோலப் பரவுவதால் வட்டம் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு நடுவில் யாரோ தீ வைத்ததுபோல் இருக்கும். நான் தாவரவியல் படித்தவன். எங்கள் ஊர் விவசாயிகளுக்குப் படிக்காமலே இது தெரியும்.

2005 மாசியில், அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் வயலில் அப்படி ஒரு வட்டம் விழுந்தது. என் அப்பா ஞானையன் முதலில், “பன்னி பொரண்டிருக்கும்லே” என்றார். இறங்கிப் பார்த்துவிட்டு மருந்தடித்தார். எங்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. வரப்பில் நின்றுகொண்டிருந்த ஜான்ரோஸ் அண்ணனுக்கு முடியவில்லை.

அவர் முட்டத்துக்காரர். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை மகள் லிஜாவின் கையைப் பிடித்திருந்தார். தண்ணீர் போனபோது கையில் அவள் இல்லை. அஞ்சு வயது. உடலும் கிடைக்கவில்லை. அலைச் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று, அடுத்த மாதமே மனைவி சகாயசெல்வியோடு எங்கள் ஊருக்கு வந்தார். நெய்யூருக்குக் கிழக்கே, எங்கள் வயலை ஒட்டிய வாடகை வீடு. மீன் பிடித்தவர், வாழைக்குலை ஏற்றும் டெம்போவில் கிளீனராகப் போனார்.

“என்ன மக்கா இது? யாரு செய்யா?” என்று என்னிடம் கேட்டார்.

எல்லாக் காரணங்களையும் சொன்னேன். புகையானாக இருக்கலாம். காற்று சுழன்றடித்தாலும் பயிர் சாயும். யூரியா கூடினாலும் சாயும். இங்கிலாந்தில் கோதுமை வயல்களில் இப்படி வட்டங்கள் விழுந்து உலகமே போய்ப் பார்த்தது. கடைசியில் வயதான இரண்டு பேர், பலகையும் கயிறும் வைத்து நாங்கள்தான் செய்தோம் என்றார்கள்.

“ரெண்டு கிழவனுவளுக்கு வேற சோலி இல்லியா?” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மிச்சமிருந்த காரணத்தையும் சொன்னேன். நம் உலகத்தில் இல்லாதவர்கள் நமக்கு எழுதுகிறார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். சிலர் என்றுதான் சொன்னேன், சார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வயலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் குடித்துவிட்டு எங்கள் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தார். “எனக்க மோளு ஈர மணல்ல படம் வரைவா மக்கா. பெரிய வட்டம் அப்பா. அத ஒட்டி ஒரு சின்ன வட்டம், அது அவளாக்கும். அலை வந்து அழிக்கும். பின்னயும் வரைவா.” மறுநாள் இதைச் சொன்ன நினைவே அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது.

நான் புத்தகம் வாசிக்கிறவன். நாகர்கோவில் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களில் நான் தொடாதது குறைவு. பனி பெய்யும் ஊர்கள், வராத கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஆட்கள். நானும் எழுதிப் பார்த்திருக்கிறேன். எழுதியதை யாரும் வாசித்ததில்லை. வேறு எதற்காகவும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

அந்த ஆவணியில் முதல் வட்டத்தைச் செய்தேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி ஆராதனைக்கு வீட்டுக்கு வீடு பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜான்ரோஸ் அண்ணனும் செல்வி அக்காவும் மாதா கோயில் பூசைக்கு பஸ் ஏறிப் போவார்கள். இரண்டரை மணி நேரம் வயலில் ஒரு ஆள் இருக்காது. நடுவில் ஒரு கம்பு, அதில் கயிறு, கயிற்றின் நுனியில் அப்பா வயல் நிரவும் பலகை. பெரிய வட்டம். அதை ஒட்டிச் சின்ன வட்டம்.

மத்தியானம் அவர் வரப்பில் முழங்காலிட்டு இருந்தார். அழவில்லை. முகம் விரிந்துபோய் இருந்தது. “இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச காரியம் மக்கா” என்றார். அவளேதான் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. காரணங்களைத்தான் சொன்னேன், எல்லாவற்றையும் சமமாக.

ஆறு வருடத்தில் மொத்தம் ஏழு தடவை. அப்பா ஒவ்வொரு தடவையும் பன்னியைத்தான் திட்டினார். எல்லா விளைச்சல் பூவிலும் செய்யவில்லை. தேவைப்பட்டபோது மட்டும். அவர் வரப்புக்கு வருவது குறையும், டெம்போக்காரர்களோடு சீட்டாடுவார், செல்வி அக்காவோடு திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போவார். முகத்தில் அந்த வெளிச்சம் மங்கிவிடும். அப்போது செய்வேன்.

செல்வி அக்கா ஒரு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ படிச்சவன். இத யாரு செய்யா? செல்லு.”

“பல காரணம் இருக்கலாம் அக்கா.”

“அவரு மோளுக்கு ஒரு திரி கொளுத்தல்ல. குழிப்பக்கமே வரமாட்டேங்காரு. நான் மட்டும் போய் அழுதுட்டு வாறேன். அவரும் ஒரு நாளெங்கிலும் அழணும் தம்பி. அழுதாத்தான் பொழைப்பாரு.”

கடல் கொண்டுபோனவர்களைச் சேர்த்துப் புதைத்த குழி அது. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்தாறு அன்று முட்டத்துக்காரர்கள் அங்கே மெழுகுதிரி ஏற்றுவார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் அங்கேதான் திரி. திரி ஏற்றிவிட்டால் இறந்ததை ஒத்துக்கொண்டதாகும். அக்காவின் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் புத்தகம் வாசிக்கிறவர் இல்லை.

போன கிறிஸ்மஸ் அன்று ஜான்ரோஸ் அண்ணன் கேக் கொண்டுவந்தார். செல்வி அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.

“நாளைக்குக் குழிக்குப் போறேன் மக்கா. செல்வி செல்லுகது செரிதான்.” கேக்கை என் கையில் வைத்தார். “எனக்க மோளு செத்துப் போச்சு.”

சொல்லிவிட்டு அழுதார். ஆறு வருடம் சேர்த்து அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். போகும்போது என் தோளைத் தட்டி, “பிள்ள பொறந்தா ஊருக்கே போயிருவோம். வல்ல நாளும் முட்டத்துக்கு வா, நல்ல மீன் தாறேன்” என்றார்.

எனக்குக் கோபம் ஏதும் இல்லை, சார். கதை பாதியில் நிற்கிறதே என்று இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வயிற்றுவலி என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. கதிர் வெளிவந்த நேரம். ஒரே மாதிரி செய்தால் பார்க்கிறவருக்குச் சலித்துவிடும். அதனால் இந்தத் தடவை சின்ன வட்டத்தைத் தள்ளி வைத்தேன். இரண்டுக்கும் நடுவே நாற்பதடி நீளத்தில் ஒரு பாதை. தென்மேற்காக. முட்டம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை, வயலின் கிடப்பு அப்படி.

பூசை முடிந்து வந்தவர், கையில் மெழுகுதிரிப் பொட்டலத்தோடு வரப்பில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

“தள்ளி நிக்கா, பாத்தியா?” குரல் தாழ்ந்திருந்தது. “கூப்பிடுகாளா மக்கா?”

“காற்றாகவும் இருக்கலாம் அண்ணே” என்றேன்.

நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். கூப்பிடுகிறாள் என்று சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் குழியருகே எல்லோரும் திரி ஏற்றியபோது அவரும் ஒன்று ஏற்றினாராம். ஆனால் அதைக் குழியில் வைக்கவில்லை. உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கினார். கால் கழுவப் போகிறார் என்று நினைத்தார்கள். இடுப்பளவு தண்ணீரிலும் திரி எரிந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நீந்தத் தெரிந்தவர். நீந்தவில்லை. உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அப்பா தொழுவத்தில் பலகையைப் பார்த்தார். அதில் பால் கதிர்கள் நசுங்கி ஒட்டியிருந்தன. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில் வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம், ஏழையும் நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

செல்வி அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். நல்லது. காலையில் எழுந்தால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வரப்பில்தான் வந்து உட்காருகிறாராம். அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கிழக்கு மூலையில் பயிர் நன்றாகவே நிற்கிறது. அங்கே பெரிய வட்டத்தை ஒட்டிச் சின்ன வட்டம் இருந்தால் போதும், இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, சார். அந்தப் பலகையை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தந்தால் போதும்.