கதிரையில் ஏறி நின்ற சம்பந்தி

இல்லை அக்கா, அடிக்க மாட்டன். நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அடிக்க மாட்டன். திருவெம்பாவை நடக்குது. விடிய வெள்ளெனக் கோயிலுக்குப் போட்டு வந்த கையால ஒரு உயிரை நசுக்கச் சொல்லுறியளே? இந்தப் பத்து நாளும் நான் எறும்பைக் கண்டாலும் சுத்திப் போறனான். அதுவும் உங்களை ஒண்டும் செய்யாது. பாவம், எட்டுக்கால் பூச்சி கதவு நிலையோட ஒட்டிக்கொண்டு நிக்குது, நீங்கள் கதிரையில ஏறி நிக்கிறியள். ஆருக்கு ஆர் பயம் எண்டு அதுக்கே விளங்கியிருக்கும்.

சீலையைக் கொஞ்சம் கீழ விடுங்கோ, கிளறிற்றா அக்கா. முதல் முதலா எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறியள். இதைப் படம் எடுத்து உங்கட மகளுக்கு அனுப்பினனெண்டால் பிறேமினி விழுந்து விழுந்து சிரிப்பா. இல்லையில்லை, எடுக்கேல்லை. போன் குசினிக்க கிடக்கு.

எனக்குத் தெரியும், நீங்கள் லண்டனின்ர அந்தத் தொங்கலில, தோர்ண்டன் ஹீத்தில இருந்து ட்ரெயின் மாறி மாறி மனோர் பார்க்குக்கு வந்தது என்ர தேத்தண்ணி குடிக்க இல்லை. என்ர மகன் ஞானஸ்நானம் எடுத்தாத்தான் பிள்ளையைக் குடுப்பன், இல்லாட்டி இந்தக் கலியாணம் நடவாது எண்டு என்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுப் போக வந்தனியள். சொல்லுங்கோ. தாய் எண்டால் சொல்லத்தான் வேணும். ஆனா இறங்கி இருந்து சொல்லுங்கோ. உயரத்தில நிண்டு சொன்னா பிரசங்கம் மாதிரி இருக்கு.

ஏலாதோ? அப்ப நில்லுங்கோ. அது போகேக்க போகும்.

மரத்தோடதான் வந்திருக்கும். இந்த முறை கிறிஸ்மஸுக்கு மகன் அபிஷன் பிளாஸ்டிக் வேண்டாம் எண்டு உண்மையான நத்தார் மரம் காவிக்கொண்டு வந்தவன். ஓம், சைவ வீடுதான். ஆனா மரம் வைக்காத வருசமில்லை. என்ர பிள்ளையள் ரெண்டும் நேசறிக்குப் போகேக்க துடங்கினது. நத்தார் பாப்பாவுக்கு எல்லாற்ற வீட்டிலயும் பாலும் பிஸ்கட்டும் வைக்கினம், நாங்களும் வைப்பம் எண்டு மகள் ஜது ஒரே அழுகை. எனக்குச் சாமிக்குப் படைக்க மட்டும்தானே தெரியும்? வாழையிலை போட்டு, மோதகம், வடை, வாழைப்பழம் எல்லாம் வைச்சு, தண்ணி தெளிச்சு, ஒரு கிண்ணத்தில திருநீறும் வைச்சு விட்டன். விடிய எழும்பிப் பார்த்தா வாழைப்பழம் முழுக்கக் குட்டிக் குட்டி ஈ. பள்ளிக்கூடம் திறந்த உடன ஜது போய், எங்கட வீட்டுக்கு நத்தார் பாப்பா சிறகு முளைச்சு நிறையப் பேரா வந்தவர் எண்டு சொல்லிப்போட்டா. ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ. என்ர இங்கிலிசில நான் அதை எப்பிடி விளங்கப்படுத்த? ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ, சிரியுங்கோ. கதிரை ஆடுது, கவனம்.

இந்த ஊர்க்காரருக்கும் உந்த நம்பிக்கையள் எங்களை மாதிரித்தான் அக்கா. குளிருக்கு யன்னல் சட்டத்துக்க வந்து ஒதுங்குமே, சிவத்த முதுகில கறுப்புப் பொட்டு வைச்ச வண்டு, அதைக் கலைக்காதே, வீட்டுக்கு அதிட்டம் எண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி சொல்லுவா. என்ர சாமி அறை யன்னலில அதுகள் கும்பலாக் கிடக்கு. அவ்வளவு அதிட்டத்தையும் நான் எங்க கொண்டே வைக்க?

ஆனா எட்டுக்கால் பூச்சியைப் பாத்து நீங்கள் பயப்பிடலாமோ? உங்கட பிறேமினிதானே எனக்குக் கதை சொன்னவ. ராசாவின்ர ஆக்கள் துரத்தேக்க மாதா குழந்தையோட ஒரு குகைக்க ஒளிச்சவவாம். உடன இவர் வந்து வாசலில வலை பின்னி விட்டாராம். வந்தவங்கள் வலை அறாமல் கிடக்கிறதைப் பாத்திட்டு, உள்ள ஒருத்தரும் இல்லை எண்டு திரும்பிப் போட்டாங்களாம். எங்கட பக்கம் திருவானைக்காவில, சிவலிங்கத்துக்கு மேல சருகு விழாமல் வலையாலயே பந்தல் போட்டவரும் இவர்தான். அந்தப் புண்ணியத்தில அடுத்த பிறப்பில சோழ ராசா. இப்ப நீங்களே சொல்லுங்கோ, இவர் எங்கட சைவமோ, உங்கட வேதமோ? ரெண்டு வீட்டிலயும் வேலை செய்திருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்தனியோ எண்டு ஒருத்தரும் இவரைக் கேக்கேல்லை.

கோவிக்காதேங்கோ. பகிடிக்குச் சொன்னனான். பிறேமினி எப்ப இங்க வந்து கதை சொன்னவ எண்டுதானே முழிக்கிறியள்? அதை அவவிட்டயே கேளுங்கோ, நான் இதுக்க வரேல்லை.

சரி, உங்களுக்குக் கால் நோகும். பொறுங்கோ. இப்பிடிக் கிளாசால மூடி, அடியால ஒரு நத்தார் வாழ்த்து மட்டையை மெல்லத் தள்ளினா, வாரும் ஐயா, வாரும், காலை மடக்கும். பின்னுக்கு ஷெட்டுக்க விட்டிட்டு வாறன், வெளியில விட்டா விறைச்சுப் போவார்.

சரி, ஷெட்டுக்க போயிட்டார். என்ர கையைப் பிடிச்சு இறங்குங்கோ. ஓம், கிளாஸ் முதலே மேசையில கிடந்ததுதான். வருசா வருசம் இப்பிடித்தான் பிடிச்சு விடுறனான். வந்த உடனயே பிடிச்சு விட்டிருந்தா, நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிப்போட்டு அந்தக் கையோட போயிருப்பியள். பிறகு நான் ஆரோட இவ்வளவும் கதைக்கிறது?

இப்ப சொல்லுங்கோ. ம். ஓம். ஓம், விளங்குது. நாளைக்குப் பேரப்பிள்ளையள் அங்காலயும் இல்லாமல் இங்காலயும் இல்லாமல் வளரக்கூடாது, நியாயம்தான். இல்லை அக்கா, எனக்குக் கோவம் இல்லை. அழாதேங்கோ. இந்தாங்கோ, துடையுங்கோ.

உதுக்கு நான் மறுமொழி சொல்லத் தேவையில்லை. அபிஷன் ஏற்கனவே வேதம் படிச்சுக்கொண்டிருக்கிறான். புதன்கிழமை புதன்கிழமை ஈஸ்ட் ஹாமில ஒரு கத்தோலிக்கச் சுவாமியாரிட்டப் போறான். உயிர்ப்பு ஞாயிறுக்கு ஞானஸ்நானமாம். இல்லை, பிறேமினிக்கும் தெரியாது. அவவுக்காகச் செய்யிற மாதிரி இருக்கக்கூடாதாம். என்னட்டயும் நேற்றுத்தான் வாயைத் திறந்தவன். அம்மா தாங்க மாட்டா எண்டு நினைச்சிருக்கிறான். ஆனா எனக்கு முதலே தெரியும். ஜிம்முக்குப் போறன் எண்டு பையைத் தூக்கிக்கொண்டு போவான். அதுக்க இருக்கிற துவாய் ஒரு நாளும் நனையேல்லை. துவைக்கிறவளுக்குத் தெரியாதோ?

பிறகு பாத்தா, ஷவரைத் திறந்து விட்டிட்டுக் குளியலறைக்க நிண்டு உங்கட ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ செபத்தைச் சொல்லிப் பழகிறான். தமிழில. இங்கிலிசில சொன்னா உங்களுக்குக் காணாது எண்டு நினைச்சானோ என்னவோ. முதல் நாள் கேட்டிட்டு, உடுப்புக் கூடையோட படியில இருந்திட்டன். அண்டைக்குச் சாமி விளக்குக் கொழுத்த மறந்துபோனன். கலியாணம் முடிச்ச நாளில இருந்து அப்பிடி நடந்ததில்லை.

பிறகு தினமும் கேட்டுக்கொண்டு வாறன். மன்னிக்கிற இடம் வந்தா அவனுக்கு நிண்டு போகும். திரும்ப முதலில இருந்து துடங்குவான். தண்ணி பில் எனக்குத்தானே வாறது? நான் எட்டாம் வகுப்பு மட்டும் கொன்வென்ற்றில படிச்சனான் அக்கா. காலமையில சைவப் பிள்ளையள் நாங்களும் சேர்ந்துதான் சொல்லுறது. எனக்கு மறக்கேல்லை. நேற்றும் அவன் அந்த இடத்தில வந்து நிண்டிட்டான். பொறுக்க ஏலாமல், கதவுக்கு வெளியில நிண்டு நான் அடுத்த சொல்லை எடுத்துக் குடுத்தன்.

தண்ணியை நிப்பாட்டினான். பிறகு உள்ளுக்க இருந்து, அம்மா, அதுக்கு அடுத்தது என்ன எண்டு கேட்டான்.