அஞ்சரை மணி நேரம்

துரைராசு: ...அதான் சொல்றேனே மதி, பதினாலாந்தேதி அவளுக்கு ஃப்ளைட்டு. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், நீயே கேட்டுக்க. ஏம்மா ஷோபனா, ஒங்க சித்தப்பா பக்கத்துலதான் இருக்கு.

ஷோபனா: ஆமா சித்தப்பா. ஏர்ஹோஸ்டஸ் பொழப்பு அப்படி. இருபது முப்பதுக்குக் கெளம்புது.

மதிவாணன்: போன ரெண்டு தடவையும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டும் ஒன்னாலதான் கெட்டுச்சு. கூட்டுப் பட்டாவுல ஒம் பேரும் இருக்கு... நீ கையெழுத்துப் போடாம நெலத்த எப்படிம்மா விக்கிறது?

ஷோபனா: நான் என்ன சித்தப்பா பண்றது? கம்பெனி போடுற அட்டவணை...

துரைராசு: புள்ளய வையாதடா. ராத்திரி எட்டரைக்கு பிளேனு. அன்னிக்குக் காலையில பதினொரு மணிக்குக் கீழ்வேளூர்ல கையெழுத்துப் போட்டுட்டு எப்படி மெட்ராஸ் போய்ச் சேருவா?

மதிவாணன்: இருண்ணே. இருபது முப்பது... எந்த ஊரு நேரம்?

ஷோபனா: அது வந்து...

மதிவாணன்: சிங்கப்பூர் ஏர்போர்ட்ல பதினொரு வருஷம் பெட்டி ஏத்தினவன்மா நான். எந்த நாட்டுக்குப் பறந்தாலும் ஒங்க அட்டவணையில கிரீன்விச் நேரந்தான். நம்மூரு நேரத்துக்கு அதோட அஞ்சரை மணி கூட்டு. ராத்திரி ரெண்டு மணி! தேதியே பதினஞ்சு!

துரைராசு: அடடா...

மதிவாணன்: என்னண்ணே அடடா? நல்லதுதானே! கையெழுத்துப் போட்டுட்டு மதியம் கெளம்பினா எட்டு மணிக்கு மெட்ராஸ். இருங்க, புரோக்கர் வாசல்ல நிக்கிறாரு, சொல்லிட்டு வந்துடுறேன்.

துரைராசு: ...போயிட்டான். ஏம்மா, ஒங்க வேலையில ஓய்வு கீய்வுன்னு சட்டம் ஏதும் இல்லியா?

ஷோபனா: இருக்குப்பா. டூட்டிக்கு முன்னாடி பன்னெண்டு மணி நேரம். மதியத்துலேருந்தே ரூம்ல படுத்திருக்கணும்.

துரைராசு: அதயும் கிரீன்விச்சு பாத்துத்தான் தூங்கணுமா?

ஷோபனா: இல்லப்பா. அதுக்கு மட்டும், ஒடம்பு எந்த ஊரு நேரத்துக்குப் பழகியிருக்கோ அதத்தான் பாப்பாங்க.

துரைராசு: அட்டவணைக்குக் கிரீன்விச்சு, ஒடம்புக்கு நம்மூரு! நல்ல கம்பெனிதான்.

ஷோபனா: அப்பா... எந்த ஊரு நேரம்னு நான் வேணும்னேதான் சொல்லல. இப்பத்தான் சம்பாவுக்கு நாத்து விட்டிருக்கீங்க. அந்த நெலத்த வித்துட்டேன்னு கையெழுத்துப் போட எனக்கு மனசே வரல. கோவிச்சுக்காதீங்கப்பா.

துரைராசு: நான் எங்கம்மா கோவிக்கிறது? கூடப்பொறந்தவன் மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மாசாமாசம் குடும்ப குரூப்புல நீ போடுற அட்டவணையப் பாத்து, நீ பறக்கிற நாளாப் பொறுக்கித்தான் மூணு தடவையும் டோக்கன் போட்டேன்.

ஷோபனா: அப்பா!

துரைராசு: இந்தத் தடவ அஞ்சரை மணியக் கூட்டாம விட்டுட்டேன்... இரு, வர்றான்.

மதிவாணன்: என்னண்ணே, எந்த ரயில்ல வர்றாளாம்?

துரைராசு: எங்கடா வர்றது! மதியத்துலேருந்து படுத்துத் தூங்கணும்னு சட்டமாம், மீறினா வேல போயிடுமாம். நீ ஒண்ணும் வெசனப்படாத தம்பி... அடுத்த மாசம் தோதான நாளா நானே பாத்து டோக்கன் போடுறேன்.