படம் ஆடாமல் இருக்க

ஹார்டுவேர் கடைக்குப் போனால் வாங்கப் போனதை மறந்துவிட்டு வேறெதையாவது தூக்கிக்கொண்டு வருகிற ஆள் நான். அன்று வாங்கப் போனது ஒரு குழாய் வாஷர். வாங்கி வந்தது வயரிங் பைப்பும் ஒரு பாக்கெட் கேபிள் டையும்.

"என்னண்ணே, பைப்பைத் துண்டு துண்டா கேக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ட்ரோன் செய்யப் போறேன்."

"பொண்ணு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவா?"

"அது முடிஞ்சு போச்சு."

முப்பது வருடம் மின்விசிறி பழுது பார்த்தவன், ஐயா. ஆடுகிற இறக்கையைச் சமன் செய்வது எனக்குக் கைப்பழக்கம். பைப்பைக் கேபிள் டையால் குறுக்காகக் கட்டி, நடுவில் சாப்பாட்டு டப்பாவின் மூடியை வைத்தேன். மோட்டார்களும் சர்க்யூட் பலகையும் கேமராவும், செல்போன் பழுது பார்ப்பவர் கழித்துப் போட்ட ட்ரோன்களிலிருந்து எடுத்தவை. படம் ஆடாமல் இருக்க, கேமராவுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். இரண்டு மாதம் அது தலைகுப்புற விழுந்தது. மூன்றாவது மாதம் எழும்பியது. பெருமையாகத்தான் இருந்தது.

எதற்குச் செய்தேன் என்று கேட்டீர்கள். மகளைப் பார்க்க. இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடி. "அவன் கை நீட்டுற ஆளு, வேண்டாம்மா" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். அவள் கேட்கவில்லை. "உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். ட்ரோன் வாசலை மிதிக்காதல்லவா.

முதல் வாரம் அவள் துணி காயப்போட்டாள், ஜன்னலோரம் நின்று தலை வாரினாள். இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மருமகன் அறைந்தான். செல்போனில் படம் ஆடியதால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. ஸ்பாஞ்சை மாற்றினேன். அடுத்த முறை பெல்ட். ட்ரோன் சத்தம் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான். இறக்கைகளின் ஓரத்தைத் தேய்த்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

இதை எழுதும்போது உங்கள் பேனா நின்றுவிட்டது. என் ட்ரோன் அன்று நிற்கவில்லை.

"மாடியிலேருந்து அதைப் பறக்கவிட்டுப் பாக்கறீங்களே, பொண்ணு கண்ணுல படறாளா?" என்று மனைவி கேட்பாள்.

"படறா."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா."

உண்மையைச் சொல்லியிருந்தால் செருப்புகூடப் போடாமல் ஓடியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

மகள் தானாக வர வேண்டும் என்று இருந்தேன். வந்து, "அப்பா, நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளே அழைத்திருப்பேன். அவள் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் அவளை என் வீட்டுக்கு ஓரடி கிட்டே கொண்டுவருவதாகக் கணக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ட்ரோனைப் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் கொண்டுபோன டப்பாவின் நீல மூடி அது; தெரியாமல் இருக்குமா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், "அப்பா, வாங்க" என்றாள். உதடு அசைந்தது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நான் கேட்க நினைத்ததை அவள் சொல்லவில்லை. மறுபடியும் "வாங்கப்பா" என்றுதான் சொன்னாள். ட்ரோனைத் திருப்பி இறக்கிவிட்டேன்.

மறுநாள் பலத்த காற்று. பறக்கவிடவில்லை. சாயங்காலம் நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து, அவள் இறந்துவிட்டாள் என்றீர்கள். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

கேமராவின் இந்த மெமரி கார்டில் நாற்பத்தொரு வீடியோ, தேதி வாரியாக இருக்கிறது. அடித்தது அவன். அவளைச் சாகவிட்டது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

அன்றைக்குக் காற்று மட்டும் இல்லாதிருந்தால், அதையும் பார்த்திருப்பேன்.