கரையில் லாந்தர் பிடித்தவள்

இரவு பத்தரை இருக்கும். கொத்மலை நீர்த்தேக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதை. பனி... ஆள் நடமாட்டம் இல்லை. கிஷாந்த் ஆட்டோவில் தனியாக வருகிறான். பின் சீட்டில் சாக்குச் சுற்றிய பெரிய ஓவியம்.

சிரிக்காதீர்கள். என் மனைவி இருந்தவரை நானும் இதைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

ஓவியத்தில் இருப்பவள் ஜெயந்தினி. அவள் கணவன் நல்லமுத்து மீன் பிடிப்பவன். "ஓட்டைன்னா என்னடா, வாளி இருக்குல்ல, எறைச்சுக்கிட்டே போ" என்று முதலாளி கந்தப்பன் ஓட்டைப் படகில் அனுப்பினார். படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டவன் கிஷாந்த்.

படகு மூழ்கியது. நல்லமுத்துவின் உடல் கிடைக்கவில்லை. தினமும் இரவில் அவள் கரையில் லாந்தர் பிடித்து நின்றாள். வெளியூர் ஓவியர் ஒருவர் அதை வரைந்தார். கந்தப்பன் அதை வாங்கினார்... தன் பங்களாவில் மாட்ட.

வளைவில் ஜெயந்தினி ஆட்டோவை மறித்தாள்.

"தம்பி, படத்த எறக்கி வச்சிட்டுப் போங்க. தண்ணியில நிக்கிறவங்க லாந்தரப் பாத்துத்தான் கரைக்கு வருவாங்க. அவரு எங்கிட்ட வரணும். அந்தாளு வீட்டுக்கில்ல."

"படத்து லாந்தர் எரியுமாக்கா? வழிய விடுங்க. மொதலாளி ஏசுவாரு."

அவள் விலகினாள்.

"சரி. மொதல்ல அங்கயே போகட்டும்."

அடுத்த வளைவில் ஒரு சத்தம். சளக்... சளக்... வாளியால் தண்ணீர் இறைக்கும் சத்தம். எஞ்சினை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. தேயிலைக்கு நடுவே சேற்று வாடை... மீன் வாடை.

கந்தப்பன் ஓவியத்தைப் படுக்கையறையில் மாட்டினார்.

"அழுதாலும் என்னா லட்சணமா இருக்கா பாருடா!"

கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

காலையில் கதவை உடைக்க வேண்டியிருந்தது. படுக்கை காய்ந்து கிடந்தது. கந்தப்பனின் உடம்பு மட்டும் ஊறி வெளுத்திருந்தது. நெஞ்சை அழுத்தினார்கள். வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது... அதோடு ஒரு மீன் குஞ்சு. துடித்துக்கொண்டிருந்தது.

கிஷாந்த் நேரே ஜெயந்தினியின் லயத்து வீட்டுக்கு ஆட்டோவை விட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"தனியாவா வந்தீங்க, தம்பி?"

"ஆமாக்கா..."

அவள் அவன் தோளுக்கு மேலாக ஆட்டோவைப் பார்த்தாள். கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க" என்றாள்.

கிஷாந்திடம் அல்ல.

அவனுக்குப் பின்னால்... ஆட்டோவின் ஸ்பிரிங், பாரம் இறங்கியதுபோல் கிரீச்சிட்டு எழும்பியது.