தாய்லாந்துக்குப் போன மெஷின்

— டீயெல்லாம் வேணாம் பாய். மரவள்ளிக் கெழங்கு தோல் சீவுற மெஷின இந்தக் கள்ளக்குறிச்சியில மொதமொத செஞ்சது இந்த ராஜாங்கம். நீ எதிர்லயே பட்டறைய வச்சிகினு அதையே செஞ்சி விக்கிற. நாயமா இது?

— மொதல்ல உக்காருங்க முதலாளி. இந்த ஷேக் பரீத்து பட்டறைக்கு வந்தவரு நின்னுகினே சண்ட போட்டாருன்னு பேரு வேணாம்.

— உள்ள சுத்தற டிரம்மு, அதுல இருக்கற கம்பி பிரஷ்ஷு, எல்லாம் அச்சு அசல் என்னுது.

— உங்களுதுங்களா? ஜவ்வரிசி மில்லுக்காரங்களோட தாய்லாந்து போனப்ப அங்க ஒரு கம்பெனியில பாத்ததுன்னு நீங்களே சொன்னீங்க.

— பாத்தேன். மறைக்கல. அது தப்பில்ல, கேட்டுக்க. வக்கீலக் கேட்டுட்டுதான் செஞ்சேன். அந்தக் கம்பெனிக்காரன் அவன் நாட்டுலதான் காப்புரிமை வாங்கி வச்சிருக்கான். நம்ம நாட்டுல வாங்கல. அந்தந்த நாட்டுக் காப்புரிமை அந்தந்த எல்லையோட சரி. இங்க யாரு வேணா செய்யலாம்.

— யாரு வேணாவா?

— யாரு வேணா.

— அந்த யாருல நான் வர மாட்டேனுங்களா?

— வார்த்தையப் புடிச்சிக்காத பாய். நம்ம கல்வராயன் மல கெழங்கு கல்லு சந்துல வெளைஞ்சி கோணலும் மாணலுமா வருது. அவன் மெஷினுல போட்டா பாதித் தோலு அப்படியே நிக்கும். கம்பிய ரெண்டு தினுசா மாத்தி வச்சது நான். அது என் மூளை.

— ஒத்துக்கறேன். அந்த மூளைக்குக் காப்புரிமை கேட்டீங்களா?

— கேட்டேன். வக்கீலு கைய விரிச்சிட்டாரு. தியாகதுருகம் சந்தையில ஓட்டிக் காட்டினேன் இல்ல, ஊரே பாத்துட்டா அது புதுசு இல்லியாம். மனு போட்டுட்டுதான் காட்டணுமாம். அமெரிக்காவுல காட்டினதுக்கு அப்புறமும் ஒரு வருசம் டைம் உண்டாம்.

— அடடா. தியாகதுருகம் அமெரிக்காவுல இல்லாம போச்சே.

— சிரிக்காத. மலையில கெழங்கு போடற வெள்ளிமலை அம்மாசி எங்கிட்ட வாங்கறேன்னு சொல்லிகினு இருந்தாரு. உங்கிட்ட வெல கம்மின்னு இங்க வந்துட்டாரு. வயிறு எரியுது எனக்கு.

— அவரு வூட்டுப் பொம்பளைங்களுக்குக் கத்தியால சீவி சீவி கையெல்லாம் காயம். நீங்க ஒருத்தரே வித்துகினு இருந்தப்ப அவரு வெலயக் கேட்டுட்டு மலைக்கே திரும்பிட்டாரு. நான் வந்தப்புறம்தான் நீங்களும் எறக்குனீங்க.

— அத வுடு. நேத்து பெட்டி பெட்டியா லாரியில ஏத்தி வுட்டியே, எங்க போவுது?

— சென்னை ஹார்பருக்குங்க. அங்கேர்ந்து கப்பல்ல தாய்லாந்து. அந்த நாட்டு வியாபாரி ஒருத்தரு நேர்லயே வந்து சொல்லிட்டுப் போனாரு.

— தாய்லாந்துக்கா?

— ஆமாங்க. ஏன் சிரிக்கறீங்க?

— டீ சொல்லு பாய். இப்பக் குடிக்கறேன். ஸ்ட்ராங்கா சொல்லு.

— விசயத்தச் சொல்லிட்டுக் குடிங்க.

— இங்க செய்யறது தப்பில்ல, இங்க விக்கறதும் தப்பில்ல. அங்கதான் அந்தக் கம்பெனிக்குக் காப்புரிமை இருக்குதே. கப்பல்லேர்ந்து எறக்கினதும் மடக்கிடுவான். மெஷின் மேல யாரு பேரு இருக்குதோ அவன கோர்ட்டுக்கு இழுப்பான். என்னக் காப்பி அடிச்ச இல்ல, போய் பதில் சொல்லு.

— ஐயோ, இது எனக்குத் தெரியாதுங்களே. லாரி இந்நேரம் ஹார்பருக்கே போய்ச் சேந்திருக்கும்.

— போவட்டும் பாய். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் மனசு குளுந்திருக்குது. சக்கர ஜாஸ்தியாப் போடச் சொல்லு.

— சொல்றேங்க. அதுக்கு முன்ன ஒண்ணு. அந்த வியாபாரி நீங்க சந்தையில கோணக் கெழங்கு சீவிக் காட்டின வீடியோவப் பாத்துட்டு உங்களத்தான் தேடிகினு வந்தாரு. அன்னிக்கு உங்க பட்டறை பூட்டிக் கெடந்துது. ராஜாங்கம் மெஷின்னாதான் வாங்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எனக்கு வேற வழி தெரியல முதலாளி, எல்லாத்து மேலயும் உங்க பேரயே அடிச்சி அனுப்பிட்டேன்.