ஆடி அமாவாசைக்கு வந்த பச்சரிசி

அந்தப் பாத்திரத்தோட உள்ள வர முடியாது தம்பி. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, கேட்டத் தொறக்க மாட்டேன். அகத்திக்கீரைய அந்த மதகுக் கட்டை மேல வைங்க, அது பரவால்ல, நான் பாத்துப் போடுறேன். அரிசிதான் கூடாது. வெல்லம் போட்டு ஊறவெச்சதா? அப்ப இன்னும் மோசம்.

தெரியுதுங்க, ஆடி அமாவாசை. பூம்புகார்ல முங்கி எந்திரிச்சு, அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு நேரா இங்க வர்றீங்க. தலை கூட இன்னும் காயல. ஐயரு பசுமாட்டுக்குக் குடுக்கச் சொன்னாரா? சொல்லியிருப்பாரு. எவ்வளவு குடுக்கணும்னு சொன்னாரா? அத சொல்லியிருக்க மாட்டாரு.

காலையிலேருந்து ஆளாளுக்கு ஒரு தூக்கோட வந்து நிக்கிறாங்க. வலங்கைமான் சுத்துவட்டாரத்துல இப்ப எத்தன வீட்ல மாடு இருக்குங்கிறீங்க? உழவுக்கு டிராக்டரு, காபிக்கு பாக்கெட் பாலு. ஆனா அமாவாசைன்னா மட்டும் மாடு வேணும். ஊர்ல அநாதையா கெடந்த மாட்டையெல்லாம் நான் சேத்து வெச்சிருக்கேனா, அத்தன பேரும் இங்க வந்துடுறீங்க. போன வருசம் இதே நாள்ல, அப்ப கேட்டுக்குப் பூட்டு கெடையாது, வந்தவங்க எல்லாம் பக்தியா ஊட்டி விட்டுட்டுப் போனாங்க. அரிசி வயித்துல போயி புளிச்சு, வயிறு கல்லாட்டம் ஆயிடுச்சு. அசை போடல, தண்ணி குடிக்கல. படுத்த மாடு ரெண்டு எந்திரிக்கவே இல்ல தம்பி. ரெண்டும் என்னையத்தான் பாத்துக்கிட்டு கெடந்துச்சுங்க.

ஒரு கை அரிசிதானேங்கிறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. ஊரு பூரா ஒரு கை குடுத்தா மாடு எங்கேருந்து பொழைக்கும்?

திட்டுறவங்க திட்டட்டும். வாட்சப்புல எழுதிட்டானுவ, செந்தாமரைன்னு ஒரு பொம்பள பசுவுக்குக் குடுக்க விடாம மறிக்கிறா, திமிரு புடிச்சவ அப்படின்னு. ஆமா, திமிருதான். என்ன இப்ப? எங்கப்பா ஊரு வயல்லயெல்லாம் நாத்துப் பறிச்சு, சேத்து வெச்சு வாங்குன மனை இது. பகல்ல கரண்ட் ஆபீஸ்ல எனக்கு வேலை, மத்த நேரம் பூரா இங்கதான் சாணி அள்ளுறேன். எவனுக்கும் பயந்துக்கிட்டு நான் கேட்டத் தொறக்கணும்னு தலையெழுத்து இல்ல.

பர்ச உள்ள வைங்க. நான் கேட்டேனா? பின்ன என்னதான் செய்யிறதுங்கிறீங்களா? இப்பத்தான் உருப்படியா ஒண்ணு கேக்குறீங்க.

ராம்கின்னு ஒரு பய, லோடு ஆட்டோ ஓட்டுறான். எங்கயாவது மாடோ நாயோ அடிபட்டுக் கெடக்குன்னு போன் வந்தா போதும், சவாரிய விட்டுட்டு ஒரத்தநாடு மாட்டாஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டு ஓடுவான். மருந்துக்கடை சஃபியா ஞாயித்துக்கெழமை வந்து புண்ணு கழுவிக் கட்டிவிடும். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் கட்டும், ஆனா வராம இருக்காது. அறுப்பு முடிஞ்சா மெஷின்காரன் வைக்கோல உருளையா சுருட்டிப் போடுறான்ல, அதுல ஒண்ண இந்தப் பக்கம் உருட்டி விட்டா என்ன? மழை நாள்ல நாய்க்குட்டிங்களுக்குக் கீழ போட பழைய சாக்கு, கிழிஞ்ச போர்வை வேணும். அதெல்லாம் யாரு வீட்ல இல்ல? ஒரு குட்டிய தூக்கிட்டுப் போயி கண்ணு தெளியிற வரைக்கும் வெச்சிருந்து குடுக்கலாம். ஒண்ணுமே முடியாதுன்னா, வயல்ல எலி மருந்து வெக்கிறவன் செத்த எலியையாவது பொறுக்கிப் பொதைக்கட்டும். அதத் தின்னுட்டு நொரை தள்ளிக்கிட்டு வர்ற நாயிங்கள என்னால பாக்க முடியல, சத்தியமா முடியல.

சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் எங்க செய்யிறதுன்னு நெனைக்கிறீங்க.

சிங்கப்பூருன்னு நீங்க சொல்லலதான். கார்லேருந்து எறங்குனப்பவே எனக்குத் தெரியும். அதே மூக்கு, அதே நடை. அமிர்தலிங்கம் ஐயா மவன்தானே? மாட்டுக்குச் சினை ஊசி போட அவரு அத இந்த ரோட்டுலதான் ஓட்டிக்கிட்டுப் போவாரு. வழி பூரா அதுகிட்ட பேசிக்கிட்டே போவாரு.

அவரு காரியம் முடிஞ்ச மறுநாளே வீட்டப் பூட்டிட்டு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டீங்க. மாட்ட அவுத்து வுட்டுருங்க, யாராவது புடிச்சுக்குவாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னீங்களாம். யாரும் புடிக்கல தம்பி. கும்மோணம் ரோட்டுல லாரி அடிச்சு, கழுத்துக் கயித்த இழுத்துக்கிட்டு நொண்டிக்கிட்டு நின்னுச்சு. ராம்கிதான் ஏத்திக்கிட்டு வந்தான்.

அந்தா, வேப்ப மரத்தடியில, செவலை. பின்னங்கால ஊன முடியாம நிக்குது பாருங்க, அதான். பெரகதம்னு கூப்புடுவாரு உங்கப்பா. பால் எப்பவோ வத்திப்போச்சு. ஆனாலும் பொழுது சாஞ்சா உங்க ஊரு இருக்குற பக்கம் பாத்து கத்திக்கிட்டே இருக்கும். நான் அதே பேரச் சொல்லித்தான் கூப்புடுறேன், திரும்ப மாட்டேங்குது. உங்களுக்கு அப்பா கொரலு அப்படியே இருக்கு.

இருங்க, பூட்டத் தொறக்குறேன். போயி அதுகிட்ட நின்னு ஒரு தடவ கூப்புடுங்க. அந்தப் பாத்திரத்த கீழ வெச்சிட்டு, வெறுங்கையோட போங்க.